எதிர்கால ஆய்வில் பார்க்கப்படும்

உங்கள் துறையின் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டவர், "இளம் ஆய்வாளர்களுக்கு ஊக்கமளிக்கும்படி" என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார். அதைப் பார்த்ததும் பதில் போடாமலே விட்டுவிடலாமா என்று தோன்றியது. விண்மீன்கள் எப்படிப் பிறக்கின்றன, விண்மீன் மண்டலங்கள் எப்படி வளர்கின்றன என்று கணக்குப் போட்டே என் வேலைக்காலம் முழுதும் போயிற்று. ஊக்கம் வேண்டுமென்றால் தொலைநோக்கிகள் அனுப்பும் படங்கள் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது ஒரு வாக்கியத்தைப் பற்றி.

அந்த வாக்கியம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். கட்டுரை முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் வரும். "இது எதிர்கால ஆய்வில் பார்க்கப்படும்." செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பதை நம் தொழிலில் இப்படித்தான் மரியாதையாகச் சொல்கிறோம். அண்மையில் உங்களில் ஒருவர் தன் வரைவை அனுப்பி, பார்த்துக் கொடுக்கச் சொன்னார். படங்கள் கண்ணைப் பறித்தன. எல்லாம் வானத்தோடு ஒத்துப்போகிறதாம். அந்த வாக்கியம் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தது. கணினிக் கணக்கில் பெட்டியைச் சிறிதாக்கி ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கெடு நெருங்கிவிட்டது ஐயா என்று பதில் வந்தது.

எரிச்சலில் வெளியே போனேன். ஓய்வுக்குப் பின் நான் இருப்பது சொந்த ஊரான போடியில்; இங்கே வெளியே போவதும் எரிச்சலுக்கு மருந்தில்லை. பஸ் ஸ்டாண்டு போய்த் திரும்புவதற்குள் யாராவது ஒருவர் பிடித்துக்கொள்வார். அன்று பிடித்தவர் பக்கத்துக் கிராமமான சிலமலைக்காரர்.

"அண்ணே, நீங்க நட்சத்திரம் பாக்குறவுகதானே? சனிப்பெயர்ச்சி எங்க ராசிக்கு எப்படின்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"ஒங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இந்த மலரை உங்கள் வீட்டாரும் படிப்பார்கள் என்பதால் நம் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு விண்மீன் மண்டலத்தின் வாயுவைக் கணினிக்குள் பெட்டி பெட்டியாக வெட்டி வைக்கிறோம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அடர்த்தி, ஒரு வெப்பநிலை. வாயு குளிர்கிறது. தன் ஈர்ப்பினால் தானே சுருங்கிக் கட்டியாகிறது. கட்டி போதிய அளவு இறுகினால் அங்கே விண்மீன்கள் பிறந்தன என்று கணினியிடம் சொல்லி வைத்திருக்கிறோம். ஒரு பெட்டிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாது. பெட்டி சிறிதாக இருக்க இருக்க நல்லது. ஆனால் பெட்டியின் பக்கத்தைப் பாதியாக்கினால் பெட்டிகள் எட்டு மடங்காகின்றன, காலத்தையும் பாதிப் பாதியாக வெட்ட வேண்டியிருப்பதால் கணினிக்கு வேலை பதினாறு மடங்காகிறது. ஆகவே எல்லோரும் எங்கோ ஓரிடத்தில் நிறுத்திக்கொள்கிறோம். நிறுத்துவது குற்றமில்லை. நிறுத்தியதை மறந்துவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் வினை.

எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் மறக்கவிட மாட்டார். எந்தப் படத்தை எடுத்துப்போனாலும், "இது வானத்துல இருக்கா, உன் பெட்டியில இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. என் முதல் கட்டுரை ஓர் ஆய்விதழில் ஏற்கப்பட்டிருந்தது. அதில் ஒரு படத்தின் மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார். சந்தேகம் சரி என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் எனக்கு வரவிருந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த இடம் கிடைக்கும் வரை ராசிங்காபுரத்தில் அக்காள் வீட்டில் இருந்தேன். "படிச்சவரு சாப்ட்டாச்சா?" என்று பக்கத்து வீட்டில் கேட்கும்போது அந்தப் 'படிச்சவரு' கொஞ்சம் இழுபடும். என் மாணவர் யாருக்கும் இந்த நிலையைக் கொண்டுவர மாட்டேன் என்று அங்கே உட்கார்ந்து முடிவு செய்தேன். அவர் செய்தது சரி என்று தெரிந்தும் எடுத்த முடிவு அது.

அந்த முடிவுக்கு விலை கொடுத்தவர் நஸீமா.

நஸீமா என்னிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தவர். போடி கடைத்தெருவில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பம். ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் எங்கள் ஊர்ப் பேச்சில் சண்டை போடுவோம். வேலையில் கெட்டி. நான் கேட்காத கேள்வியைத் தானே கேட்டுக்கொள்ளும் ஆள்.

மிகத் தொலைவில் இருக்கும் விண்மீன் மண்டலங்களை, அதாவது அவற்றின் இளமைக் காலத்தை, தொலைநோக்கியில் பார்த்தால் அவை நம்முடையதைப் போல ஒழுங்கான சுருளாக இருப்பதில்லை. பெரிய பெரிய ஒளிக்கட்டிகளாக இருக்கின்றன. அந்தக் கட்டிகள் ஏன் அந்த அளவில் இருக்கின்றன என்பதுதான் நஸீமாவின் கேள்வி. கணினியில் ஓட்டினோம். கட்டிகள் வந்தன. ஏறத்தாழ எல்லாம் ஒரே அளவு. அந்த அளவு படங்களில் இருந்த அளவோடு ஒத்துப்போனது. நான் துள்ளிக் குதித்தேன். கட்டுரையை நஸீமா எழுதினார். முதல் பெயர் அவருடையது, கடைசிப் பெயர் என்னுடையது. ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அந்தக் கட்டுரையை நம்பி வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம் அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. மகள் வெளிநாடு போகிறாள் என்று அவருடைய அத்தா கடைத்தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அச்சுக்குப் போகுமுன் கடைசித் திருத்தம் பார்த்து அனுப்ப வேண்டிய சமயத்தில் இருவருமே ஊரில் இருந்தோம். நஸீமாவின் அக்காவுக்கு நிக்காஹ். நான் என் அக்காள் கணவரின் ஏலத்தோட்டத்தில், குரங்கணிக்கு மேலே இருந்தேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அங்கே போன் எடுக்காது. ஒரே ஒரு வளைவில் எடுக்கும், அதுவும் மேகம் இறங்கினால் போய்விடும்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் நான் உட்கார்ந்திருந்தபோது மச்சான் உள்ளே வந்தார்.

"மாப்ளே, ஒன்னத் தேடி ஒரு பிள்ளை லோடு ஜீப்புல ஏறி வந்திருக்கு. கல்யாண வீட்டுப் பிள்ளையாம். என்னத்தக் களவாண்டு வந்த?"

வாசலில் நஸீமா நின்றிருந்தார். கையில் மருதாணி. செருப்பு முழுக்கச் சேறு. முந்தானைக்குள் மடிக்கணினியை மழை படாமல் அணைத்துப் பிடித்திருந்தார்.

"போனு போகல சார். அதான் வந்தேன். அம்மாகிட்ட டெய்லர் கடைன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். வெரசாப் போகணும்."

"நட்சத்திரம் எதுவும் கீழ விழுந்துருச்சா ஆத்தா?" என்றார் மச்சான்.

"விழுந்திருந்தாக்கூடப் பரவால்ல மாமா" என்றார் நஸீமா. சிரிக்கவில்லை.

ஏலக்காய் மூட்டையின் மேல் மடிக்கணினியை வைத்துத் திறந்தார். முழு மண்டலத்தையும் சிறு பெட்டிகளில் ஓட்ட எங்களுக்குக் கணினி நேரம் கிடைக்காது. ஆகவே அதன் ஓர் ஓரத்தை மட்டும் வெட்டியெடுத்து, பெட்டிகளைப் பாதியாக்கி, என்னிடம் சொல்லாமல் ஓட்டியிருக்கிறார்.

"பெட்டியப் பாதியாக்கினேன் சார். கட்டியும் பாதியாயிருச்சு."

நான் படத்தைப் பார்த்தேன். புரிந்துகொள்ள எனக்கு நேரமே தேவைப்படவில்லை. வாயு தன் ஈர்ப்பால் சுருங்கிக்கொண்டே போகிறது. எங்கள் பெட்டியின் அளவு வந்ததும், அதற்கு மேல் சுருங்க இடமில்லாமல் நின்றுவிடுகிறது. அது நின்ற இடத்தை இயற்கையின் அளவு என்று நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். பெட்டியைச் சிறிதாக்கினால் இன்னும் சுருங்குகிறது, அவ்வளவுதான். வானத்தோடு ஒத்துப்போனதும் தற்செயல். தொலைநோக்கிக்கும் அதன் மங்கல் உண்டு, அதுவும் ஓர் அளவுக்குக் கீழே பார்க்காது.

"எங்க அத்தா கடையில சல்லடைய மாத்துனா காய் சைசு மாறும் சார். நாம சல்லடைய அளந்துட்டுக் காய அளந்தோம்னு எழுதியிருக்கோம்" என்றார் நஸீமா.

போடிக்காரர்கள் இரண்டு பேர். ஏலக்காய் சலிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். இரண்டு ஆண்டுகளாக எங்களுக்கு இது உறைக்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"ப்ரூஃப் இன்னிக்கிச் சாயங்காலத்துக்குள்ள போகணும். நிறுத்திருவோமா சார்?" என்றார்.

என் எரிச்சல் எல்லாம் அவர் மேல் திரும்பியது. "இதுல யாரு சூப்பர்வைசர்? நீயா, நானா?" என்றேன். ஒரு மூலையை ஓட்டிப் பார்த்துவிட்டு முழு மண்டலத்துக்கும் தீர்ப்பு எழுதக்கூடாது என்றேன். கட்டுரையை இப்போது நிறுத்தினால் வேலை போய்விடும் என்றேன். பிறகு அந்த வாக்கியத்தை நானே சொன்னேன். "கடைசியில ஒரு வரி சேரு. பெட்டியோட அளவு எவ்வளவு பாதிக்குதுங்குறது எதிர்கால ஆய்வில் பார்க்கப்படும்னு."

"யாரு சார் பாப்பா?"

"யாராச்சும் பாப்பாக."

அவர் மடிக்கணினியை மூடினார். மச்சான் கீழே போகிற ஜீப்பை நிறுத்தி முன்சீட்டில் இடம் பிடித்துக் கொடுத்தார். போன் எடுக்கும் வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, அந்த வரியைச் சேர்த்து, நஸீமா கட்டுரையை அனுப்பியது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கட்டுரை வெளிவந்தது. பெயர் கிடைத்தது. நம் தொழிலில் ஒரு கட்டுரையை அதன் முதல் பெயரால்தான் கூப்பிடுவார்கள். ஆகவே அவை 'நஸீமாவின் கட்டிகள்' ஆயின. அவர் வெளிநாடு போனார். வேறு வேலை, வேறு கேள்விகள். அந்தச் சோதனையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேச்செடுக்கவில்லை. எதிர்கால ஆய்வு எங்களுக்குத் தொந்தரவு தராமல் எதிர்காலத்திலேயே இருந்தது.

அது வந்து சேர்ந்தது ஒரு பெரிய கருத்தரங்கில். வழியில் இருக்கும் விண்மீன் மண்டலப் பெருங்கூட்டங்களின் ஈர்ப்பு உருப்பெருக்கிக் கண்ணாடி போல வேலை செய்து, தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும். அப்படிப் பெரிதாக்கப்பட்ட புதிய படங்களை ஒருவர் காட்டினார். எங்கள் பெரிய கட்டிகள் அவற்றில் சிறு சிறு கட்டிகளாகச் சிதறிக் கிடந்தன. கூட்டம் முழுவதும் நஸீமாவைத் திரும்பிப் பார்த்தது. ஓர் இளைஞர் எழுந்தார். நல்ல கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி.

"பெட்டிகளைச் சிறிதாக்கி ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லையா உங்களுக்கு?"

நஸீமா நான் இருந்த பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்பது போலத்தான் இருந்தது. நான் குனிந்து, கீழே விழாத மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தேடினேன்.

"முழுமையாகச் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும்" என்றார் நஸீமா.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் அவரை அவமதிக்கவில்லை. ஆனால் அதன்பின் அவருக்கு வந்துகொண்டிருந்த அழைப்புகள் குறைந்தன. நிரந்தர வேலைக்கான நேர்காணல்களில் அந்தக் கட்டுரை பேச்சில் வந்தது. சில ஆண்டுகளில் அவர் திரும்பி வந்து, மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தார். எனக்கு மாலை போட்டுப் பணி நிறைவு விழா நடத்தினார்கள். அங்கே பேசிய ஒருவர்கூட அந்தக் கட்டுரையோடு என் பெயரைச் சேர்த்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகவே இப்போது சொல்கிறேன். நஸீமா அந்தச் சோதனையைச் செய்தார். முடிவை என் கண்ணால் பார்த்தேன். மறைக்கச் சொன்னவன் நான்.

இது வரைக்கும் எழுதி நஸீமாவுக்கு அனுப்பினேன், அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டு. கல்லூரி விடுமுறைக்கு அத்தா வீட்டுக்கு வந்திருந்தவர் நேரிலேயே வந்துவிட்டார். உட்காருமுன்பே ஆரம்பித்தார்.

"பேரப் போடுங்க சார், அதுல ஒண்ணுமில்ல. ஆனா என்னத்த எழுதி வச்சிருக்கீங்க? யாரு சூப்பர்வைசர்னு எங்கிட்டக் கேட்டீங்களா? எப்ப?"

"அந்த ஸ்டோர்ல. கத்துனேன்ல?"

"கத்தவே இல்ல சார். மூட்டைமேல துண்ட விரிச்சு உக்காரச் சொன்னீங்க. மாமாவ விட்டு டீ கொண்டாரச் சொன்னீங்க. ஒங்க வாத்தியாரு பேப்பரத் திரும்ப வாங்குன கதையச் சொன்னீங்க. 'அந்த மாதிரி ஒனக்கு வரக்கூடாது ஆத்தா, நீ நல்லாயிருக்கணும்'னு சொன்னீங்க. கண்ணு கலங்கிருச்சு ஒங்களுக்கு."

எனக்கு நினைவில்லை. ஆனால் அவர் சொன்னதும் துண்டு நினைவுக்கு வந்தது. பச்சைக் கோடு போட்ட துண்டு.

"கத்தியிருந்தீங்கன்னா நான் எதுத்திருப்பேன் சார். தெனமும் அதத்தான பண்ணிக்கிட்டிருந்தோம்? நீங்க பாசமாச் சொன்னீங்க. எனக்கும் அந்த வேல வேணும்போல இருந்துச்சு. அதான் சரின்னுட்டேன். அந்த வரிய நான்தான் டைப் பண்ணேன், நீங்க இல்ல. என் பங்கையும் சேத்து நீங்களே தூக்கிட்டுப் போறீங்களே, அது எந்த ஊரு நியாயம்?"

ஆகவே மேலே எழுதியதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன். என் நினைவு என்னை ஒரு முரடனாகச் செய்து வைத்திருந்தது. முரடனாக இருந்திருந்தால் அன்று நல்லது நடந்திருக்கும். உங்களிடம் நான் சொல்ல வேண்டியிருந்ததும் இதுதான் என்று இப்போது தெரிகிறது. நெருக்கடியில் உங்களை மிரட்டுகிறவரிடம் நீங்கள் தானாகவே எச்சரிக்கையாக இருப்பீர்கள். உங்கள் நன்மைக்காகச் சொல்கிறவரிடம்தான் ஏமாறுவீர்கள். நாளைக்கு நீங்களே வழிகாட்டியாகும்போது, உங்கள் மாணவரின் நன்மையைப் பற்றி உங்களுக்குத் தொண்டை அடைக்கிறதென்றால், முதலில் பெட்டியின் அளவைப் பாருங்கள்.

நஸீமா விடவில்லை. "இந்த மலர யாரு சார் படிப்பா?"

"பசங்க படிப்பாங்க."

"படம் பாப்பாங்க. தப்ப எங்க போட்டோமோ அங்கதான திருத்தணும்? அந்த ஜர்னல்ல போடணும்."

அப்போதுதான் சொன்னார். கல்லூரியில் இருக்கும் சாதாரணக் கணினிகளைக் கோர்த்து, விடுமுறைகளில் தன் மாணவர்களை வைத்து, பெட்டிகளைச் சிறிதாக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறாராம். மெதுவாகத்தான் போகிறதாம். எழுதுவதற்கு ஆள் வேண்டுமாம்.

"இந்தத் தடவை என் பேரு முன்னால" என்றேன்.

"முன்னால வேணும்னா வேலையும் நீங்கதான் பாக்கணும். சும்மா கடைசியில உக்காந்திருக்கிற சோலியெல்லாம் இல்ல."

இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இந்த வயதில் நிரல் எழுதத் தெரியவில்லை என்று அவருடைய மாணவர்களிடம் திட்டு வாங்குகிறேன். கரண்டு போகிறது. இணையம் போகிறது. ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதற்கு ஒரு வாரம் வீணாகிறது. எரிச்சலுக்குக் குறைவில்லை.

சென்ற முறை நஸீமா ஊருக்கு வந்தபோது இருவரும் உட்கார்ந்து முடிவுரையை எழுதினோம். விண்மீன்கள் பிறந்த பிறகு அவற்றின் வெப்பம் கட்டிகளை எவ்வளவு கலைக்கிறது என்பதை நாங்கள் சரியாகக் கணக்கிடவில்லை. அந்த இடம் வந்ததும் என் விரல்கள் தாமாகவே தட்டத் தொடங்கின. "இது எதிர்கால ஆய்வில்..."

நஸீமா என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

"யாரு சார் பாப்பா?"

'இதை நாங்கள் செய்யவில்லை. இதனால் எங்கள் முடிவு மாறக்கூடும்' என்று எழுதினோம்.

வரைவை அனுப்பியவருக்கு: உங்கள் கட்டுரை என் மேசையில் இருக்கிறது. கடைசிக்கு முந்தைய பத்தியில் ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டு, ஓரத்தில் நஸீமாவின் கேள்வியை எழுதியிருக்கிறேன். பதில் எனக்கு வேண்டாம். ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.